பார்ப்பவர் மாறினால் தெரிவதும் மாறும்: விலங்கு நடத்தைக் கள ஆய்வும் அறிவியலில் பன்மையும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் கோடியக்கரைச் சதுப்பிலும், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஏரிக்கரைகளிலும் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக ஆட்கள் வந்து உட்காருவார்கள். சிலர் மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் வனவிலங்கு உயிரியல் படிக்கும் மாணவர்கள். சிலர் வெளிமாநிலத்தவர், சிலர் வெளிநாட்டவர். இங்கே படித்துவிட்டு ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ களப்பணிக்கு விண்ணப்பிக்கும் டெல்டாப் பிள்ளைகளும் உண்டு.

இதையொட்டி இரண்டு குழப்பங்கள் அடிக்கடி எழுகின்றன. மான் மேய்வதையும் நாரை நிற்பதையும் நாள் முழுக்க எழுதி வைப்பது எப்படி அறிவியல் ஆகும் என்பது ஒன்று. ஆராய்ச்சி நிதி அறிவிப்புகளிலும் மாநாடுகளிலும் இப்போது 'பன்மை', 'பன்முகத்தன்மை' என்று பேசுகிறார்களே, எலியையும் மானையும் யார் எண்ணினால் என்ன, எண்ணிக்கை மாறிவிடுமா என்பது மற்றொன்று.

இரண்டும் ஒரே கேள்விதான். நடத்தை அறிவியலின் பெரிய தலைவலி, எந்த விலங்கைப் பார்த்தோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது. பார்க்கும் மனிதரைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே பிழை நடக்கிறது. முதலில் விலங்கிலிருந்து தொடங்குவோம்.

நடத்தை என்று எதைச் சொல்கிறோம்

நம் வயல் வரப்பில் வளை தோண்டும் பெரிய எலியை எடுத்துக்கொள்ளலாம். வளைக்குள் போனதும் அது வாயைப் புது மண்ணால் அடைத்துக்கொள்ளும். கதிர் முற்றும் காலத்தில் நெற்கதிரை அறுத்து உள்ளே சேர்த்தும் வைக்கும். 'ஏன் வாயை அடைக்கிறது?' என்ற ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருப்பதாக 1963இல் நிக்கோ டின்பெர்கன் பிரித்துக் காட்டினார். அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

1. உடனடிக் காரணம்: எது அதைத் தூண்டுகிறது? வெளிச்சமா, காற்றோட்டமா, வாசனையா?
2. வளர்ச்சி: குட்டி பிறவியிலேயே இதைச் செய்கிறதா, தாயிடம் பார்த்துக் கற்கிறதா?
3. பயன்: அடைத்த வளையில் இருக்கும் எலி, பாம்பிடமும் கீரியிடமும் குறைவாகச் சிக்குகிறதா?
4. பரிணாமம்: இதன் உறவுக்கார எலி இனங்களிலும் இந்தப் பழக்கம் உண்டா?

இந்த நான்கையும் கலந்து பேசுவதால்தான் செய்திகளில் பாதிக் குழப்பம் வருகிறது. 'பாம்புக்குப் பயந்து அடைக்கிறது' என்று ஒருவர் எழுதினால் அவர் சொல்வது முதல் கேள்விக்கான பதிலா, மூன்றாவதற்கானதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதை மனதில் வைத்து முதலாவதைப் போல எழுதியிருப்பார்.

பட்டியல், கடிகாரம், பென்சில்

கள ஆய்வின் முதல் வேலை நடத்தைப் பட்டியல் தயாரிப்பது. கோடியக்கரை வெளிமானுக்கு ஒரு பட்டியல் போட்டால் மேய்தல், நடத்தல், படுத்து அசைபோடுதல், நிமிர்ந்து பார்த்தல், கொம்பு முட்டுதல், சாணக் குவியலில் நின்று எச்சமிடுதல் என்று போகும். எல்லைக்காரக் கிடாக்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிடும். கண்ணருகே உள்ள சுரப்பியைக் குச்சியில் தேய்த்து வாசனையும் வைக்கும்.

பட்டியலில் 'பயந்தது' என்று எழுதக் கூடாது. பயம் நம்முடைய ஊகம். 'தலை தோளுக்கு மேல் உயர்ந்தது, மெல்லுவது நின்றது, காது முன்னோக்கித் திரும்பியது' என்று எழுத வேண்டும். வேறொருவர் அதே பட்டியலை வைத்துக்கொண்டு அதே மானைப் பார்த்தால் அதே சொல்லைத்தான் எழுத வேண்டும். அதுதான் சோதனை.

அடுத்தது யாரை, எப்போது பார்ப்பது. 1974இல் ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கான முறைகளை வகுத்தார். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தவர் அவர். இன்றும் களத்தில் பயன்படுவன மூன்று.

கண்ணில் பட்டதை எழுதுவது: எளிது, ஆனால் ஆபத்தானது. வெளிமானில் வயதுவந்த கிடா கருப்பும் வெள்ளையுமாகத் தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். பெட்டையும் குட்டியும் காய்ந்த புல்லின் நிறத்தில் கலந்துவிடும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் குறிப்பேடு முழுக்கக் கிடாதான் இருக்கும், அதுவும் சண்டை போடும் கிடா. முன்னோட்டப் பார்வைக்கு இது போதும், கணக்குக்கு ஆகாது.

ஒற்றை விலங்கைத் தொடர்வது: சீட்டுக் குலுக்கி ஒரு மானைத் தேர்ந்து, பத்து நிமிடம் அதை மட்டும் பார்த்து, நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று குறிப்பது.

மந்தையை வாரிப் பார்ப்பது: பூநாரைக் கூட்டம் போன்றவற்றுக்கு இது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் தொலைநோக்கியைத் திருப்பி, தலை தண்ணீருக்குள் இருப்பவை எத்தனை, நிமிர்ந்திருப்பவை எத்தனை என்று எண்ணுவது.

ஒற்றை மானைத் தொடரும் குறிப்பேட்டின் நான்கு வரி இப்படி இருக்கும் ('பெ3' என்றால் மூன்றாம் எண் பெட்டை):

06:40 – பெ3 – மேய்தல்
06:41 – பெ3 – நிமிர்ந்து பார்த்தல் (நாய், 150 மீ)
06:42 – பெ3 – நிமிர்ந்து பார்த்தல்
06:43 – பெ3 – காணவில்லை (சீமைக் கருவேலப் புதர்)

நான்காவது வரியில்தான் புதியவர்கள் தவறுவார்கள். மான் புதருக்குள் போய்விட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். கோடியக்கரைப் புல்வெளியில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டே வருகிறது. 'காணவில்லை' என்ற பதிவை விட்டுவிட்டால், மான் எந்நேரமும் திறந்த வெளியிலேயே இருப்பதாகக் கணக்கு சொல்லும். கருவேலத்தை அகற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கைக்கு அந்தத் தப்புக் கணக்குதான் போகும்.

பென்சில் ஏன் என்றால், உப்புக் காற்றிலும் பனியிலும் பேனா மை பரவிவிடும். சதுப்பில் வெயில் ஏறியதும் கானல் எழும்பி, தூரத்துப் பறவைக்கு அடையாளத்துக்காக இட்ட கால் வளையத்தைப் படிக்க முடியாமல் ஆக்கிவிடும். அதனால் வளையம் படிக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

இருவர் பார்த்தால் ஒத்துப்போகிறதா

ஒரே மானை இருவர் தனித்தனியே 100 முறை குறித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 86 முறை இருவரும் ஒரே சொல்லை எழுதினார்கள். நூற்றுக்கு 86 மதிப்பெண் என்று மகிழக் கூடாது. மான் பெரும்பாலும் மேய்ந்துகொண்டுதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு 'மேய்தல்' என்று எழுதினாலும் பல முறை ஒத்துப்போகும். அந்தத் தற்செயல் ஒப்பைக் கழிக்க 'கப்பா' என்ற அளவு இருக்கிறது.

இருவருமே 60 முறை 'மேய்தல்', 40 முறை 'மற்றவை' என்று எழுதியிருந்தால், தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு 0.6 × 0.6 + 0.4 × 0.4 = 0.52. உண்மை ஒப்பு 0.86. கப்பா = (0.86 − 0.52) ÷ (1 − 0.52) = சுமார் 0.71. பரவாயில்லை, ஆனால் இன்னும் பயிற்சி வேண்டும். எந்தச் சொல்லில் முரண்பட்டார்கள் என்று உட்கார்ந்து பேசி, பட்டியலில் அந்த வரையறையைத் திருத்தி, மறுபடி செய்ய வேண்டும். இந்தச் சோதனையைத் தொடக்கத்தில் ஒரு முறை செய்துவிட்டு விடக் கூடாது. மாதங்கள் போகப் போகப் பார்ப்பவரின் அளவுகோல் தானாகவே நகர்ந்துவிடும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கும். ஒரே மானை இருபது முறை பார்த்துவிட்டு இருபது மான்களின் தரவு என்று கணக்குப் போடுவது. அது ஒரு மான்தான்.

பொறியில் எது சிக்குகிறது

டெல்டாவில் எலி பிடிக்கும் மூங்கில் பொறிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர். வளைத்த மூங்கிலும் நாணும்தான் அதன் உடல். நடுவில் இரை வைத்திருப்பார்கள். எலி இரையைத் தொட்டதும் மூங்கில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். கிட்டி வைப்பவர் பொழுது சாயும்போது வரப்போரம் நடந்து, புது மண் தள்ளிய வளை எது, பழைய வளை எது, இரவில் எலி எந்தத் தடத்தில் ஓடும் என்று பார்த்து வைப்பார். கிட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தால் காலையில் வெறும் கிட்டிதான். டின்பெர்கன் பெயரைக் கேள்விப்படாதவர் அவர். ஆனால் அவர் செய்வது நடத்தையை வாசிக்கும் வேலை.

அந்தக் கிட்டியில் சிக்குவது எந்த எலி? புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும் எலிகளும் உண்டு, துணிந்து முகர்ந்து பார்ப்பவையும் உண்டு. துணிந்தவைதான் முதலில் சிக்கும். விஷ இரை வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத இரையை வைத்துப் பழக்குவதன் காரணமும் இதுதான். ஆக, கிட்டியில் சிக்கிய எலிகளை மட்டும் ஆராய்ந்து 'எலிகள் துணிச்சலானவை' என்று எழுதினால், அது எலியைப் பற்றிய செய்தி ஆகாது. கிட்டியைப் பற்றிய செய்தி.

2020இல் மைக்கேல் வெப்ஸ்டர், கிறிஸ்டியன் ரூட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதற்கு 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற சரிபார்ப்புச் சட்டகத்தைத் தந்தார்கள். ஆய்வுக்கு எடுத்த விலங்கின் சமூகப் பின்னணி, பொறியில் சிக்கும் தன்மை, வளர்ந்த விதம், மனிதருக்குப் பழகிய அளவு, நேரம், பருவம் போன்றவற்றால் இயல்பாக வரும் மாற்றம், மரபு, முன் அனுபவம் என்ற ஏழையும் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். குஜராத்தின் வேளாவதரில் வெளிமான் கிடாக்கள் நெருக்கமாகச் சிறு சிறு எல்லைகளைப் பிடித்துக்கொண்டு சந்தை போல ஒரே இடத்தில் கூடும். அடர்த்தி குறைந்த வேறு இடங்களில் கிடாக்களின் எல்லைகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஓர் ஊரில் பார்த்ததை வைத்து இனம் முழுவதற்கும் எழுதிவிட முடியாது. விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பார்ப்பவரும் ஒரு மாதிரிதான்

இதே ஏழு கேள்விகளை ஆய்வாளரிடம் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? அவர் எந்தச் சமூகத்தில் பிறந்தார், எதைப் பார்த்து வளர்ந்தார், எந்த வழியாக இந்தத் துறைக்குள் 'சிக்கினார்'? நான்கு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, பெண் பறவையின் பாட்டு. 'ஆண் பறவை பாடும், பெண் கேட்கும்' என்பது நெடுங்காலம் பாடநூல் வாக்கியம். அதை எழுதியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து பார்த்தவர்கள். அங்கே பல இனங்களில் பெண் பாடுவது குறைவு. வெப்பமண்டலத்தில் நிலைமை வேறு. 2014இல் வெளியான ஆய்வு, கணக்கெடுத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்றும், இவற்றின் பொது மூதாதையிலேயே இரு பாலும் பாடியிருக்க வேண்டும் என்றும் காட்டியது. அடுத்து 2020இல் ஒரு கணக்கு வந்தது. இருபது ஆண்டுகளில் பெண் பறவைப் பாட்டைப் பற்றி வந்த முக்கியக் கட்டுரைகளில் 68 சதவீதத்துக்கு முதல் ஆசிரியர் பெண். பறவைப் பாட்டைப் பற்றிய பொதுவான கட்டுரைகளில் அந்த அளவு 44 சதவீதம். பெண்ணுக்குக் காது கூர்மை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறது என்பது மாறியிருக்கிறது.

இரண்டாவது, ஜப்பானின் கோஷிமா தீவு. 1940களின் இறுதியில் கின்ஜி இமானிஷி குழுவினர் அங்கே குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பெயரிட்டுத் தொடர்ந்தார்கள். விலங்குக்குப் பெயர் வைப்பது அறிவியல் ஆகாது என்று மேற்கில் பலர் முகம் சுளித்த காலம் அது. 1953இல் 'இமோ' என்ற இளம் பெண்குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரில் கழுவித் தின்றது. பிறகு மற்றவையும் அதைக் கற்றன. விலங்குகளிடமும் பழக்கம் கைமாறும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று இது. அதை முதலில் கவனித்தவர் சத்சுவே மிதோ என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை.

மூன்றாவது, நம் நாட்டுச் செய்தி. கர்நாடகத்தின் தார்வாடில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானியர், புதிதாகக் கூட்டத்தைக் கைப்பற்றிய ஆண் அனுமன் மந்தி (சாம்பல் நிற நீள்வால் குரங்கு) குட்டிகளைக் கொல்வதை 1965இல் எழுதினார். நெருக்கடியால் வந்த கோளாறு என்று பலர் ஒதுக்கினார்கள். 1971இல் இருந்து ராஜஸ்தானின் அபு மலையில் ஆய்ந்த சாரா ஹர்டி, குட்டியை இழந்த தாய் விரைவில் மறுபடி சினைக்குத் தயாராவதால் அந்த ஆணுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்று விளக்கினார். பெண் மந்திகள் பல ஆண்களோடு சேர்ந்து 'யார் தகப்பன்' என்பதைக் குழப்பிக் குட்டியைக் காக்கின்றன என்பதும் அவர் விளக்கம். அதுவரை ஆணின் போட்டியில் வெறும் பரிசுப் பொருளாக எழுதப்பட்ட பெண், தனக்கென உத்தி உள்ளவளாகத் தெரிந்தாள்.

நான்காவது, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம். நீலத் திமிங்கிலங்கள் குளிர்கடலில் இரை தின்றுவிட்டு, சூடான கடலுக்கு ஈனப் போகும் என்பது பொதுக் கருத்து. 2003இல் இலங்கைக் கடலில் ஆஷா டி வோஸ் என்ற இளம் இலங்கை ஆய்வாளர் ஆறு நீலத் திமிங்கிலங்களையும் அவற்றின் மிதக்கும் எச்சத்தையும் பார்த்தார். எச்சம் இருந்தால் அங்கேயே தின்கிறது என்றுதானே பொருள்! வெளிநாட்டார் பறந்து வந்து தரவை அள்ளிக்கொண்டு பறந்துபோகும் 'பாராசூட் அறிவியலுக்கு' எதிராக இன்று உரக்கப் பேசுபவர்களில் அவரும் ஒருவர்.

நம் கைகளும் வெளிநாடு போயிருக்கின்றன

அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகி உள்நாட்டு விலங்குகளைத் தின்று தீர்க்கிறது. அங்கே அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார், செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இருளர் இருவரை வரவழைத்தார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. சாலையோரம் தேடுவதோடு நிற்காமல் அடர்ந்த புதருக்குள் நடந்து, தடம், உரித்த சட்டை, எச்சம் ஆகியவற்றை வாசித்தே பிடித்தார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அதே அறிவு கும்பகோணத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே எத்தனை வரப்புகளில் நடந்துகொண்டிருக்கிறது! கடலூரில் இருந்து நாகை வரை கரையோரத்தில், பங்குனி ஆமை என்ற பெயரிலேயே அது கரையேறும் காலத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் வளை தோண்டும் கையும் வலை போடும் கையும் ஒரு சாதியில் இருக்க, எழுதும் கை வேறு சாதியில் இருப்பது நம் ஊர் நிலைமை. பதிவு செய்தவர் 'உதவியவர்' ஆகவும், கணினியில் தட்டியவர் 'ஆசிரியர்' ஆகவும் ஆகிவிடுகிறார். இது அநீதி. அதோடு, தரவு எப்படி எடுக்கப்பட்டது என்று நன்றாக அறிந்தவர் கட்டுரையைத் திருத்தும் மேசையில் இல்லாமல் போகிறார் என்பதால் ஆய்வுக்கும் நட்டம்.

யார் உள்ளே வர முடிகிறது

துறையின் வாசலில் இருக்கும் பொறிகள் இவை.

1. சம்பளமில்லாக் களப்பணி. 'தங்குமிடமும் சாப்பாடும் உண்டு, விமானக் கட்டணம் உங்களுடையது' என்ற அறிவிப்புகள் வெளிநாட்டுக் களங்களில் சாதாரணம். சில இடங்களில் கள உதவியாளரே பணம் கட்ட வேண்டும். அடுத்த படிப்புக்கு அந்த அனுபவம் கட்டாயம் போலாகிவிட்டது. குறுவை அறுத்த பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளை இதில் சிக்க மாட்டான். வசதியுள்ளவர் மட்டுமே சிக்கும் கிட்டி இது.

2. விசா. தேர்வாகியும் விசா நேர்காணலில் நிற்பவர்கள் உண்டு. களப்பருவம் மூன்று மாதம், விசா வர நான்கு மாதம் என்றால் பருவம் போய்விடும்.

3. பாதுகாப்பு. 666 களப்பணியாளர்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. 64 சதவீதத்தினர் களத்தில் பாலியல் சீண்டலை எதிர்கொண்டதாகவும், ஐந்தில் ஒருவருக்கு மேல் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாகவும் சொன்னார்கள். பெண்களைப் பொறுத்தவரை, செய்தவர்கள் பெரும்பாலும் தங்களைவிட மேல்நிலையில் இருந்த சொந்தக் குழுவினர். 'பொம்பளப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புறதா' என்று வீட்டில் கேட்பது யானைக்கும் பாம்புக்கும் பயந்து மட்டும் இல்லை. அந்தக் கேள்வியைப் பழமை என்று ஒதுக்கிவிடாமல் பதில் சொல்ல வேண்டியது ஆய்வுக்குழுத் தலைவர்தான்.

4. மொழி. பட்டியலை நன்றாக வரையறுப்பவர் ஆங்கிலக் கட்டுரையில் தடுமாறினால் அவர் பார்த்ததும் சேர்ந்தே அழிகிறது.

வெளிநாட்டுக் களத்துக்குப் போகும் டெல்டா மாணவர் செய்ய வேண்டியவை

ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: சம்பளம், பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு, குழுவுக்கு வெளியே புகார் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு, கழிப்பறை வசதி, தினமும் எத்தனை மணிக்குள் முகாமுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற நேரம், ஆசிரியர் பட்டியலில் பெயர் வருமா என்ற உறுதி. கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று தயங்குவார்கள். கேட்டதற்கே கோபப்படும் குழு, களத்தில் காய்ச்சல் வந்தால் கவனிக்காது.

அனுமதி: கென்யாவில் ஆய்வு செய்ய அந்நாட்டு அறிவியல் ஆணையமான 'நகோஸ்டி'யின் உரிமம் வேண்டும், உள்நாட்டு நிறுவனம் ஒன்றோடு இணைப்பும் வேண்டும். தான்சானியாவில் 'காஸ்டெக்', 'தாவிரி' என்ற இரு அரசு அமைப்புகளின் அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்வது சட்டவிரோதம். எடுத்த தரவையும் எந்த நல்ல இதழும் ஏற்காது.

உடம்பு: கென்யா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரை, வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அதை நம்பக் கூடாது.

நேரமும் தேதியும்: இதில்தான் நல்ல தரவு கெடும். கென்ய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். தானியங்கிக் கேமராவின் கடிகாரத்தை மாற்ற மறந்தால், காலை ஆறரைக்கு வளைக்குத் திரும்பிய கழுதைப்புலி ஒன்பது மணிக்குத் திரும்பியதாகப் பதிவாகும். மசாய் மாராவில் 1988 முதல் நடக்கும் புள்ளிக் கழுதைப்புலி ஆய்வு போன்ற நீண்ட காலத் தொடரில் இப்படி ஒரு பிழை நுழைந்தால், 'பகலில் அதிகம் நடமாடுகிறது' என்று தவறான முடிவு வரலாம். இன்னொரு கண்ணியும் உண்டு: சுவாஹிலி பேசுபவர்கள் மணியை விடியலில் இருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு 'ஒரு மணி'. நம் நாழிகைக் கணக்கும் விடியலில்தான் தொடங்கும் என்பதால் நமக்குப் புரிவது எளிது. ஆனால் குறிப்பேட்டில் எந்தக் கணக்கு என்று எழுத வேண்டும். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. அதனால் எப்போதும் 2025-04-03 என்ற வரிசையில், ஆண்டை முதலில் வைத்து எழுதுங்கள்.

அங்கேயும் நாம்தான் வெளியூர்க்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. கோடியக்கரையில் வெளிநாட்டவரிடம் நாம் எதிர்பார்ப்பதை அங்குள்ள மசாய் வழிகாட்டி நம்மிடம் எதிர்பார்ப்பார்.

வெளிநாட்டவர் இங்கே வரும்போது

1970களின் நடுவில், பறவை வலசை உள்ளிட்ட ஆய்வுகளில் வெளிநாட்டு நிதியின் பங்கு குறித்து நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கடுமையான கேள்விகளை எழுப்பியது. அந்த ஐயம் இன்னும் அதிகாரிகளிடம் இருக்கிறது. விதிகள் கெடுபிடியாகத் தோன்ற அதுவும் ஒரு காரணம். விதிகள் இவை:

1. சரணாலயத்துக்குள் நுழைந்து ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. கோடியக்கரை 1967இல் இருந்து சரணாலயம், 2002இல் இருந்து ராம்சர் ஈரநிலம், அதாவது பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள முக்கிய ஈரநிலம்.

2. விலங்கைப் பிடிப்பது, வளையம் இடுவது, இரத்தம் எடுப்பது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் வரும். வெளிமான் போல முதல் அட்டவணையில் இருக்கும் இனத்துக்கு மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். தொலைவில் இருந்து பார்ப்பதற்கும் தொடுவதற்கும் இடையே சட்டத்தில் பெரிய கோடு இருக்கிறது.

3. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தையும் அதைச் சார்ந்த அறிவையும் ஆய்வுக்கு எடுக்கத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்ட கூட்டு ஆய்வுகளுக்கு 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பலருக்குத் தெரியாத செய்தி: வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் 3ஆம் பிரிவுக்குள் வருவார். ஜெர்மனியில் முனைவர் பட்டம் படிக்கும் மன்னார்குடி மாணவி, சொந்த ஊர் வயலில் எலி மாதிரி எடுக்க வந்தாலும், பல்கலைக்கழகத்தைக் கேட்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. ஊராட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்பது அதே சட்டம். கிட்டி வைப்பவரின் அறிவு அந்தப் பதிவேட்டில் அவர் ஒப்புதலோடு ஏறியிருந்தால், பிறகு யார் அதை எடுத்தாலும் மூலம் தெரியும்.

சட்டம் கேட்காத, ஆனால் செய்தே தீர வேண்டிய சில வேலைகள் உண்டு. களப்பணி தொடங்கும் முன்பே யார் ஆசிரியர், யார் எந்தப் பணி செய்தார் என்று தாளில் எழுதிக் கையெழுத்திடுவது. கப்பா கணக்கில் உள்ளூர் உதவியாளரின் பதிவையும் சேர்ப்பது, அவர் பதிவு ஆய்வாளரின் பதிவோடு முரண்பட்டால் ஆய்வாளரே சரி என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல் இருப்பது. நாள்கூலியைக் கடைசி நாளில் மொத்தமாகத் தராமல் வாரந்தோறும் தருவது. கட்டுரை வெளியானதும் நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி, எந்த இடத்தில், எந்த மாதம், என்ன பார்த்தோம் என்ற வரைபடத்தோடு ஊராட்சிக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் உடன் நடந்தவர் வீட்டுக்கும் ஒவ்வொரு படி கொடுப்பது. அந்த நான்கு பக்கத்தில் அவர் பெயர் தலைப்புக்குக் கீழே, ஆய்வாளரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.